சிற்பம் சோறு போடுமா?

(கொல்கத்தாவில் நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



கணவனும் மனைவியுமாகிய எங்கள் இருவரையும் இம்மேடையில் பேசுமாறு செயலாளர் அவர்கள் பணித்தபோது, எங்களுக்குச் சற்றே அச்சம் உண்டாயிற்று. மண்ணைப் பிசைந்து பழகிய எங்களுக்கு மேடைப் பேச்சுப் பழக்கமில்லை. ஒலிபெருக்கியின்முன் நிற்பவர் ஒருவராயினும், கூறப்போகும் சொற்கள் இருவர்க்கும் உரியவை. குற்றம் காணின் அதனையும் இருவருமே ஏற்போம்.

இவ்வுரைக்குத் தலைப்பைத் தந்தவர் நம் குடியிருப்பைச் சேர்ந்த அம்மையார் ஒருவர். சென்ற நவராத்திரிக்குப் பத்து நாள் முன்பு, செய்தித்தாளில் பொதிந்த செட்டியார் பொம்மை ஒன்றுடன் அவர் எங்கள் பட்டறைக்கு வந்தார். பரணிலிருந்து இறக்கும்போது செட்டியாரின் மூக்கும் வலக்கையும் உடைந்துவிட்டன. அவருடைய மாமியார் பண்ருட்டியில் வாங்கி, மடியில் வைத்துக்கொண்டே இரயிலில் இவ்வூருக்குக் கொண்டுவந்த பொம்மை அது. பொம்மையை எங்களிடம் ஒப்படைத்த பின்னும் அம்மையார் எழவில்லை. தம் மகள் பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கப்போவதையும், கலைக் கல்லூரியில் சிற்பம் பயில விரும்புவதையும், அவள் தந்தையார் அதற்கு இசையாமையையும் தயங்கித் தயங்கிக் கூறினார். இறுதியில், "நீங்கள் இருவரும் இதிலேயே காலந்தள்ளுகிறீர்கள். மறைக்காமல் சொல்லுங்கள். இது சோறு போடுமா?" என்று கேட்டார்.

அன்று எங்களால் உடனே விடை கூற இயலவில்லை. போடும் என்றால் முழு உண்மையாகாது. போடாது என்றால் அதுவும் உண்மையாகாது. நாங்கள் எழும்பூர்க் கலைக் கல்லூரியிலும் பின்னர்ச் சாந்திநிகேதனத்துக் கலாபவனத்திலும் பயின்று, 2003-ஆம் ஆண்டில் இம்மாநகரில் குடியேறினோம். அன்று முதல் வாடகை தவறாது கொடுத்து, ஒரே மகனைப் பள்ளிக்கு அனுப்பி, பெருங்கடன் இன்றி வாழ்ந்து வருகிறோம். ஆயின் எங்கள் உள்ளம் விரும்பிய சிலைகளைச் செய்து விற்றா வாழ்கிறோம்? இல்லை. அவ்வாறு விற்ற சிலைகளை எண்ணுவதற்கு இரு கை விரல்களே மிகுதி. எங்களுக்குச் சோறு போடுபவை வேறு வேலைகள். அவற்றை இன்று உங்கள்முன் ஒளிவின்றி எடுத்துரைக்க விழைகிறோம்.

உழவனுக்குப் பருவங்கள் இருப்பதுபோல் இவ்வூர்ச் சிற்பிக்கும் பருவங்கள் உண்டு. ஆனித் திங்களையொட்டி வரும் தேர்த்திருவிழா நாளில் குமார்துலியில் துர்க்கைப் படிமத்தின் சட்டத்திற்குப் பூசை நிகழும். அன்று தொடங்குகிறது எங்கள் விதைப்புக் காலம். குமார்துலியின் சந்துகளில் நடந்திருப்பீர்கள். அங்கே வேலை நடக்கும் முறையை நின்று கண்டவர் சிலரே. மூங்கிற் சட்டத்தின்மேல் வைக்கோலை முறுக்கிக் கட்டி உடல் அமைப்பர். உமி கலந்த களிமண்ணை முதற்பூச்சாக இடுவர். அது காய்ந்து வெடிக்கும். வெடிப்புகளின்மேல் மெல்லிய துணியைக் குழைத்த மண்ணில் தோய்த்து ஒட்டி, நுண்மண் பூசி வழவழப்பாக்குவர். முகத்தை அச்சில் எடுத்துப் பொருத்துவர். பின்னர்ச் சுண்ணப் பூச்சு, வண்ணம், மெருகு. இறுதியிற் கண் திறத்தல். நாங்கள் கல்லூரியில் ஐந்தாண்டுகள் கற்றவற்றுள் பாதியை அங்கே ஒரு முதியவர் ஒரே மழைக்காலத்தில் எங்களுக்குத் திருத்திக் கற்பித்தார். "கை நினைப்பதற்குள் மண் காய்ந்துவிடும், முன்னரே நினைத்துக்கொண்டு வா" என்பது அவர் எங்களுக்குக் கூறிய முதல் அறிவுரை.

அப்பருவத்தில் எங்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் பந்தல் வேலை. சென்ற நூற்றாண்டின் இறுதி முதற்கொண்டு இந்நகரத்துப் பூசைக் குழுக்கள் ஒவ்வோர் ஆண்டும் ஒரு கருத்தை எடுத்துக்கொண்டு, அதற்கேற்பப் பந்தல் முழுவதையும் அமைக்கத் தொடங்கின. அதனால் கலைக் கல்லூரியிற் பயின்ற பலர்க்கு வேலை பிறந்தது. பிரம்பு, சணல், மண் குடுவை, பழைய இரும்பு என எப்பொருளும் சிற்பமாகும். மூன்று திங்கள் உழைப்பு. ஐந்து நாள் வாழ்வு. பின்னர்ப் படிமம் ஊக்லி ஆற்றிற்குச் செல்லும், பந்தல் பிரிக்கப்படும். 2021-ஆம் ஆண்டில் யுனெசுகோ நிறுவனம் கொல்கத்தாத் துர்க்கைப் பூசையை மனித குலத்தின் மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. அச்செய்தியைக் கேட்ட அன்று நாங்கள் ஒரு திருமண மண்டபத்திற்குத் தெர்மாகோல் அன்னப்பறவை செதுக்கிக்கொண்டிருந்தோம்!

ஆம், அன்னப்பறவை. பந்தற் பருவம் முடிந்தால் திருமணப் பருவம். அதன்பின் பள்ளிகளின் விளையாட்டு விழாவிற்குப் பரிசுக் கேடயங்கள். தை, மாசியில் சரசுவதி பூசைக்குச் சிறு படிமங்கள். கோடையில் குழந்தைகட்குக் களிமண் வகுப்பு. இடையிடையே, டாலிகஞ்சுப் படப்பிடிப்புக் கூடங்களுக்குப் பிளாஸ்டர்த் தூண்களும், துணிக்கடைகளுக்கு ஆளுயரப் பொம்மைகளும், கண்காட்சிகளுக்குப் பழஞ்சிலைகளின் ஃபைபர்ப் படிகளும், வாயிலில் மாட்டும் பெயர்ப்பலகைகளும் செய்வோம். ஒருமுறை ஒரு விடுதியின் விருந்திற்குப் பனிக்கட்டியில் மயில் செதுக்கினோம். இரவு எட்டு மணிக்கு மயிலாக இருந்தது பன்னிரண்டு மணிக்குத் தட்டில் தண்ணீராயிற்று. அத்தண்ணீர் எங்களுக்கு ஒரு திங்கள் வாடகையை ஈட்டித் தந்தது.

இவையெல்லாம் கலைஞனுக்கு இழிவல்லவா என்று கேட்பார் உளர். நாங்களும் இளமையில் அவ்வாறே எண்ணி வெட்கினோம். வீட்டிற்கு எழுதும் மடல்களில் அன்னப்பறவைகளைப் பற்றி ஒரு சொல்லும் எழுதியதில்லை. பின்னர்ச் சிற்பிகளின் வாழ்க்கை வரலாறுகளைப் படிக்கப் படிக்க அவ்வெட்கம் அகன்றது.

1494-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் இத்தாலியின் பிளாரன்சு நகரில் பெரும்பனி பெய்தது. அந்நகரை ஆண்ட மெதிச்சிக் குடும்பத்துப் பியரோ, மைக்கேலாஞ்சலோவை அழைத்துத் தம் மாளிகை முற்றத்தில் பனியால் ஒரு சிலை செய்யுமாறு பணித்தார். அப்போது அவ்விளைஞருக்கு வயது 18. வெயில் வந்ததும் அச்சிலை உருகிற்று. பிரான்சு நாட்டு ரொதான், கலைக்கல்லூரி நுழைவுத் தேர்வில் மூன்று முறை தோற்றவர். பல ஆண்டுகள் கட்டடங்களுக்கு அலங்கார உருவங்களும் பிறருடைய பட்டறைக்கு மாதிரிகளும் செய்தே வாழ்ந்தார்.

அவ்வளவு தொலைவு செல்வானேன்? நம் வங்கத்தையே நோக்குவோம். பாங்குராவில் 1906-ஆம் ஆண்டிற் பிறந்த இராம்கிங்கர் பைஜ், இளமையில் குயவர் சேரிகளிற் சுற்றி மண்வேலை கற்றவர். ஒத்துழையாமை இயக்க நாளில் தலைவர்களின் உருவங்களை எழுதியவர். 1925-இல் சாந்திநிகேதனம் புகுந்தார். வெண்கலமும் பளிங்கும் அங்கே அவர் கைக்கு எட்டும் பொருள்கள் அல்ல. ஆகவே இரும்புக் கம்பிக் கூட்டின்மேல் சிமெண்டையும் அம்மண்ணின் செம்பரற் கற்களையும் கலந்து அப்பி, 1938-இல் சந்தால் குடும்பத்தை நிறுவினார். கூடையும் குழந்தையும் நாயுமாகக் குடி பெயரும் ஏழைக் குடும்பம் அது. ஊர்விட்டு ஊர் வந்த நாம், அதன்முன் நிற்கும்போது நம் தாத்தா பாட்டியர் நினைவு வராமற் போகாது. பொருளில்லாக் குறையே அச்சிலைக்கு அதன் மேனியைத் தந்தது என்று கூறலாம்.

நமக்கும் வங்கத்திற்கும் உள்ள கொடுக்கல் வாங்கலையும் இங்கே நினைத்தல் தகும். வங்கத்தில் பிறந்த தேவி பிரசாத் ராய் சௌதுரி 1929-இல் சென்னைக் கலைப் பள்ளியின் தலைமையை ஏற்று, ஏறத்தாழ 30 ஆண்டுகள் அங்கிருந்தார். மெரினாவில் பாறையைப் பெயர்க்கும் நான்கு உழைப்பாளரைப் படைத்தவர் அவரே. அச்சிலை நிறுவப்பெற்றது 1959-இல். அவர்க்குப்பின் அப்பள்ளிக்குத் தலைவராயிருந்த கே. சி. எஸ். பணிக்கர், தம் மாணவர்கள் படிப்பு முடிந்ததும் ஏதேனும் ஓர் அலுவலக மேசைக்குப் போய்க் கலையைக் கைவிடும் நிலையைக் கண்டு வருந்தினார். மாணவரும் ஆசிரியருமாகக் கூடித் துணியில் மெழுகிட்டுச் சாயம் தோய்க்கும் பாத்திக் வேலையும் பிற கைவினைகளும் செய்து விற்றனர். அப்பணத்தைச் சேர்த்து வாங்கிய நிலத்தில்தான், 1966-இல், ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலக் கலைஞர் கிராமம் தோன்றிற்று. தகட்டைத் தட்டித் தெய்வ உருவங்களைப் படைத்த பி. வி. ஜானகிராம் போன்ற சிற்பிகள் அங்கே வாழ்ந்தனர். பகலிற் கைவினையும் எஞ்சிய பொழுதிற் கலையும் என்பதே அவர்கள் கண்ட வழி. இன்றும் அக்கிராமம் நிலைத்து நிற்கிறது.

பெரியோர்களே! சில்லறை வேலை இழிவன்று என்றோம். ஆயின் அதிலும் ஓர் இடர் உண்டு. அதனை எங்கள் பிழையைக் கொண்டே விளக்குவோம்.

2011-ஆம் ஆண்டில் வங்காளி அம்மையார் ஒருவர் மறைந்த தம் கணவரின் மார்பளவுச் சிலையைச் செய்துதருமாறு வேண்டினார். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர் அவர். எங்களுக்குக் கிடைத்ததோ அடையாள அட்டைக்கு எடுத்த ஒரு சிறு புகைப்படம். அது பந்தற் பருவம். களிமண்ணில் முகம் அமைத்தோம். அம்மையார் ஒருமுறை வந்து பார்த்து, "நன்றாயிருக்கிறது" என்றார். பிளாஸ்டரில் அச்செடுத்து, ஃபைபரில் வார்த்து, வெண்கல வண்ணம் பூசிக் கொடுத்துவிட்டோம். பணமும் முழுதும் வந்துவிட்டது.

ஐந்து திங்கள் கழித்து வேறொரு காரியமாக அவ்வீட்டிற்குச் சென்றோம். சிலை கூடத்தில் இல்லை. மாடிப்படியின்கீழ்த் துணி போர்த்தி வைத்திருந்தது. நாங்கள் அதனைக் கண்டுவிட்டதை உணர்ந்த அம்மையார், எங்கள் மனம் நோவக்கூடாதென்று மெல்லக் கூறினார்: "முகம் அவருடையதுதான். ஆனால் அவர் இப்படிக் கழுத்தை நிமிர்த்தி ஒருநாளும் இருந்ததில்லை. நாற்பது ஆண்டுகள் பிள்ளைகளின் ஏட்டைக் குனிந்து திருத்தியவர்."

அன்று இரவு எங்கள் இருவர்க்கும் உணவு இறங்கவில்லை. புகைப்படக்காரர் நிமிர்ந்து உட்காரச் சொன்ன கழுத்தை நாங்கள் அப்படியே படியெடுத்துவிட்டோம். அவர் எப்படி நடப்பார், எப்படி அமர்வார் என்று ஒரு வினாவும் கேட்டிலோம். கேட்டிருந்தால் வேலை பத்து நாள் நீண்டிருக்கும். சில்லறை வேலைதானே என்ற எண்ணம் எங்கள் கண்ணை மறைத்தது.

புதிதாகச் செய்துதருகிறோம், பணம் வேண்டா என்றோம். இம்முறை அம்மையாரைப் பட்டறையில் அமர்த்தி, ஈரக் களிமண் கழுத்தின்மேல் அவர் கையையே வைக்கச் சொன்னோம். அவர் கண்களை மூடி, தலையைச் சிறிது முன்னும் சிறிது இடப்பக்கமும் சாய்த்தார். அவ்வளவே, ஓர் அங்குலம் இருக்கும். ஆசிரியர் அங்கே வந்துவிட்டார். அம்மையார் அழுதார். இன்று அச்சிலை அவ்வீட்டுக் கூடத்தில், அவருடைய புத்தக அலமாரிக்கு அருகில் இருக்கிறது.

அந்நாள் முதல் நாங்கள் மூன்று நெறிகளை வகுத்துக்கொண்டோம். சிற்பத்தால் வாழ விரும்பும் இளைஞர்க்கு எங்களிடம் உள்ள செல்வம் இவையே.

முதலாவது, எவ்வேலையையும் அரை மனத்துடன் ஏற்றல் கூடாது. பெயர்ப்பலகையாயினும் எழுத்துகளுக்கிடையே உள்ள வெளியை அளந்து செய்தல் வேண்டும். மனம் ஒவ்வாத வேலையாயின் பணிவுடன் மறுத்துவிடலாம். ஏற்றபின் இகழ்தல் தகாது.

இரண்டாவது, கணக்கு. கலைஞன் பணத்தைப் பற்றிப் பேசலாகாது என்ற எண்ணம் எங்களைப் பல ஆண்டுகள் வருத்தியது. பெரிய அமைப்பு ஒன்று, கேடயங்கள் நூறு செய்வித்துக்கொண்டு, எஞ்சிய பாதித் தொகையை இன்றுவரை தரவில்லை. எழுத்தில் ஒன்றும் வாங்காதது எங்கள் பிழை. இப்போது எவ்வேலைக்கும் ஒரு தாளில் ஒப்பந்தம் எழுதுகிறோம். தொடங்கும்போது பாதி, களிமண் மாதிரியை ஏற்றதும் கால், பொருள் பட்டறையை விட்டு வெளியேறுமுன் எஞ்சிய கால். மண், பிளாஸ்டர், பிசின் ஆகியவற்றின் விலையோடு வண்டிக் கூலியையும், மழைநாளில் அச்சு உலராமற் காத்திருக்கும் நாள்களையும் சேர்த்தே விலை கூறுகிறோம். விலையைக் குறைக்கச் சொன்னால் அளவைக் குறைப்போம். உழைப்பின் தரத்தைக் குறைப்பதில்லை.

மூன்றாவது, ஆண்டில் சில நாள்களை எவர்க்கும் விற்காது நமக்கென வைத்துக்கொள்ளுதல். எங்களுக்கு அது கார்த்திகைத் திங்கள். அத்திங்களில் வேலை ஏற்பதில்லை. ஹௌரா நிலையத்தில் தகரப் பெட்டியின்மேல் அமர்ந்து சென்னை வண்டிக்குக் காத்திருந்த ஒரு மூதாட்டியைக் கண்டோம். அவ்வுருவைச் சுடுமண்ணிற் செய்ய ஏழு கார்த்திகைகள் ஆயின. இருமுறை சூளையில் வெடித்தது. மூன்றாம் முறை நின்றது. அம்மூதாட்டியின் கழுத்துச் சாய்வை அமைக்கும்போது எங்கள் கை தடுமாறவில்லை. அதனைக் கற்பித்தவர் அந்தப் பள்ளி ஆசிரியரின் மனைவியார். அவள் சேலை மடிப்புகளைக் கற்பித்தவை குமார்துலியின் ஈரத்துணிகள். சில்லறை வேலைகள் எங்கள் காலத்தை எடுத்துக்கொண்டன என்பது உண்மை. அவை வாங்கிய காலத்திற்கு வட்டியும் தந்தன என்பது அதனினும் உண்மை.

இனி, இச்சங்கத்தாராகிய உங்கட்கு நன்றி ஒன்றும் விண்ணப்பம் ஒன்றும் உண்டு. 2020-ஆம் ஆண்டினை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தொற்றுநோயால் திருமணமும் படப்பிடிப்பும் நின்றன. மே 20-ஆம் நாள் அம்பான் புயல் எங்கள் பட்டறையின் கூரைத் தகடுகளைப் பறித்துச் சென்றது. கையிலிருந்த பணம் ஒரு திங்களுக்கே போதும். அப்போது இக்குடியிருப்பின் வீடுகளிலிருந்து ஒவ்வொன்றாகத் தொலைபேசி அழைப்புகள் வந்தன. சதுர்த்திக்குக் களிமண் பிள்ளையார், முற்றத்திற்குத் துளசி மாடம், கொலுவிற்கு உடைந்த பொம்மை பழுதுபார்த்தல் என்று நீங்கள் தந்த வேலைகளே எங்களைக் காத்தன. சிலர்க்கு அப்பொருள் உண்மையில் தேவைப்படவில்லை என்பதை நாங்கள் அறிவோம். எனினும் இரவலாக எவரும் எதுவும் தரவில்லை, வேலையாகத் தந்தீர்கள். அந்தப் பண்பினை எங்கள் வாழ்நாள் உள்ளளவும் மறவோம்.

விண்ணப்பம் இதுதான். உங்கள் இல்லத்திலும் அலுவலகத்திலும் பள்ளியிலும் ஒரு பரிசோ நினைவுச் சின்னமோ வேண்டியிருப்பின், கடைத்தெருவில் அச்சில் வார்த்ததை வாங்குமுன், இந்நகரத்து இளஞ்சிற்பிகளில் ஒருவரை நினையுங்கள். அவர்கள் தமிழராய் இருத்தல் வேண்டும் என்பதில்லை. புகார் நகரில் மகதரும் மராட்டரும் அவந்தியரும் யவனரும் நம் தமிழ்க் கைவினைஞரோடு கூடி வேலை செய்ததை மணிமேகலை கூறுகின்றதன்றோ? வந்தாரை வேலையில் சேர்த்துக்கொண்டது நம் ஊர். அவ்வாறே நம்மைச் சேர்த்துக்கொண்டது இவ்வூர். வேலையைக் கேட்டு வாங்குங்கள். விலையை முன்னரே பேசுங்கள். பேசிய விலையைத் தவறாது கொடுங்கள். கலையைப் போற்றுவதற்கு இதனினும் எளிய வழி எங்களுக்குத் தோன்றவில்லை.

இனி அம்மையாரின் வினாவிற்கு விடை. அம்மா! சிற்பம் சோறு போடும். ஆனால் அது ஒரே பானையில் வைத்துப் போடாது. பத்துச் சிறு பானைகளில் வைத்துப் போடும். சில நாள் சில பானைகள் வெறுமையாய் இருக்கும். அதனைப் பொறுக்கும் மனமும், அச்செடுக்கவும் இரும்பை ஒட்டவும் மரம் அறுக்கவும் கணக்கு எழுதவும் சலியாத கையும் உங்கள் மகளுக்கு இருப்பின் அஞ்சாமல் அனுப்புங்கள். இவை இல்லையாயின், திறமை எவ்வளவு இருப்பினும் அவள் துன்புறுவாள். அதனையும் அவளிடம் மறைக்க வேண்டா. அவள் தந்தையாரின் அச்சம் நியாயமானது. எங்கள் தந்தையர்க்கும் அதே அச்சம் இருந்தது.

ஒரு செய்தியை இதுவரை கூறவில்லை. அந்தச் செட்டியார் பொம்மையின் வலக்கையை நாங்கள் செய்தோம். மூக்கைச் செய்தவள் உங்கள் மகள். ஞாயிறு தோறும் எங்கள் பட்டறைக்கு வந்து காகிதக்கூழ் பிசைந்தாள். முதல் மூக்கு மிக நீளம். இரண்டாவது செட்டியாரை அழுமூஞ்சி ஆக்கிற்று. நீங்கள் நவராத்திரிக்குக் கொண்டுபோனது மூன்றாவது. எது பழைய மண், எது புதிய கூழ் என்று நீங்கள் கேட்கவேயில்லை. அதனால் வேலை செவ்வையாக முடிந்ததென்று அறிந்தோம். நீங்கள் தந்த கூலியில் பாதியை அன்றே அவளிடம் கொடுத்துவிட்டோம். அவள் அதனை இருமுறை எண்ணினாள்.